கொக்கி மாறிய கோட்டு

தையல்காரம்மாவின் கடைச் சுவரில் இரண்டு இரும்புக் கொக்கிகள் உண்டு. இடது கொக்கி பாக்கி வேலைக்கு. வலது கொக்கி முடிந்த வேலைக்கு. இருபத்தெட்டு வருஷமாக இந்தச் சட்டம் மாறவில்லை. ஊரே தலைகீழாகப் போனாலும் என் கொக்கி மாறாது என்று அவளே பெருமையடித்துக்கொள்வாள்.

அன்று காலை எட்டரை மணிக்குத் தலையைத் துவட்டிக்கொண்டே மாடியிலிருந்து கடைக்கு இறங்கி வந்தவள், இடது கொக்கியைப் பார்த்தாள். கையிலிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது.

மருமகளின் பழைய கோட்டு அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. கைமுனையில் மூன்று தங்கப் பட்டைகள், நேற்று இறுக்கித் தைத்த பொத்தான், எல்லாம் அப்படியே இருந்தன. தேய்ப்பு ஒன்றுதான் பாக்கி.

வலது கொக்கி காலி.

"ஐயையோ! குடி முழுகிப் போச்சு!"

போன வாரம் படிக்கத் தவறியவர்களுக்காக ஒரு வார்த்தை. தையல்காரம்மாவின் மருமகள் சரக்குக் கப்பலில் முதன்மை அதிகாரி, அதாவது கேப்டனுக்கு அடுத்த ஆள். அவளுக்கு மூன்று பட்டை, கேப்டனுக்கு நான்கு. அந்த நாலாவது பட்டைக்குத்தான் இத்தனை பாடும். பத்தொன்பது வயதில் பயிற்சி மாணவியாகக் கப்பலேறித் துருச் சுரண்டியவளுக்கு இப்போது வயது முப்பத்தைந்து. நடுவில் ஏறிய படிகளைச் சொன்னால் நமக்கு மூச்சு வாங்கும். ஒவ்வொரு படிக்கும் கடலில் இத்தனை மாதம் என்று புத்தகத்தில் முத்திரை விழவேண்டும். பிறகு கரையில் வகுப்பு, எழுத்துத் தேர்வு, தேர்வாளர் முன்னால் உட்கார்ந்து வாய்மொழித் தேர்வு. இடைவெளியில் சும்மா இருந்துவிடக் கூடாதே என்று தீயணைப்பு, முதலுதவி, ரேடார், கண் பரிசோதனை.

கடைசிப் படிதான் கேப்டன் சான்றிதழ். எழுத்துத் தேர்வில் மருமகள் ஜோராகத் தேறிவிட்டாள். வாய்மொழித் தேர்வில்தான் இரண்டு முறை கவிழ்ந்தாள். முதல் முறை பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் முறை தேர்வாளர் கேட்டார்: "மூடுபனி. துறைமுகத்துக்குள்ள வழி காட்ட பைலட் ஏறியிருக்கார். வேகத்தைக் குறைக்க வேண்டாம்னு அவர் சொல்றார். கப்பல் தட்டிடுச்சு. யார் தப்பு?" இவள் "பைலட் தப்பு சார்" என்றாள். "போயிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார்.

இன்று மூன்றாவது முறை. இதிலும் தவறினால் எழுதித் தேறியதெல்லாம் காலாவதி. ஆறு மாதம் கடலுக்குப் போய்விட்டு வந்து முதலிலிருந்து எழுத வேண்டும். "சான்றிதழ் வரட்டும், கப்பல் தயார்" என்று கம்பெனி பிடித்து வைத்திருக்கும் கேப்டன் நாற்காலியும் வேறு யாருக்கோ போய்விடும்.

இந்த நிலைமையில் தையல்காரம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஒரு புதுக் கோட்டு தைத்தாள். அதில் நான்கு பட்டை வைத்தாள்.

"பாஸ் ஆகற வரைக்கும் நாலாவது பட்டை இந்த வீட்டு வாசப்படி ஏறக் கூடாது அத்தை" என்று மருமகள் அத்தனை முறை சொல்லியிருந்தாள். கேட்டால்தானே! பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிற ஆசை. ஒரு மாதமாக, வெட்டு மேஜைக்கு அடியில் துணிப்பெட்டிக்குள் ஒளித்து ஒளித்துத் தைத்தாள். இன்று விடியற்காலையில் கடைசியாக ஒரு தேய்ப்புப் போட்டு, உறையை மாட்டினாள். பெட்டிக்குள் வைக்கப்போன கை, பழக்க தோஷம், தன்னால் வலது கொக்கிக்குப் போய்விட்டது. முடிந்த வேலை அல்லவா!

அவள் குளிக்கப் போன நேரத்தில் மருமகள் வந்து, வழக்கம்போல வலது கொக்கியில் இருந்த உறையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"டேய்! எழுந்திரிடா!" என்று மாடிப்படியில் நின்று கத்தினாள்.

மகன் வாயில் பிரஷ்ஷோடு எட்டிப் பார்த்தான். லிஃப்ட் பழுதுபார்ப்பவன். மேலே கீழே போய் வருவதே அவன் பிழைப்பு. மனைவியோ கடலைக் குறுக்கே கடப்பவள். இரண்டு பேரும் எப்படி ஒரு புள்ளியில் சந்தித்தார்கள் என்பதைப் பத்தாவது அத்தியாயத்தில் பார்த்தோம்.

"உன் பொண்டாட்டி நாலு பட்டையோட பரீட்சைக்குப் போயிட்டாடா!"

"நாலாவது எங்கிருந்து வந்துது?"

"நான்தான் வெச்சேன்."

அவன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான். "அம்மா! கேப்டன் ஆகாதவ கேப்டன் பட்டையோட தேர்வாளர் முன்னாடி நின்னா என்ன ஆகும்? திமிர் பிடிச்சவன்னு முதல் கேள்வியிலேயே வெளிய அனுப்பிடுவாரு!"

"தெரியுதுடா! வண்டியை எடு!"

போன் செய்தார்கள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கோட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அனுமதிச் சீட்டிலேயே 'முழுச் சீருடை' என்று போட்டிருந்தது. மூன்று பட்டைக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கருவிப்பெட்டிகள் கடகடக்கும் வேனில் தையல்காரம்மா முன்சீட்டில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். கேட்கவே பாவமாக இருந்தது மகனுக்கு.

"விடும்மா. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன."

"எனக்கே சாணும் முழமும் சொல்லித் தர்றியா? பார்த்து ஓட்டு."

அவளுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவள் வீட்டுக்காரர். அவரை எல்லாரும் மீசைக்காரர் என்பார்கள். ஒரு சரக்குக் கப்பலில் போசன், மேல்தளத்து ஆட்களை வேலை வாங்குகிறவர். நல்ல மனுஷன்தான், நாக்குக்கு மட்டும் பூட்டு கிடையாது. மருமகள் இரண்டாவது முறை தவறியபோது போனில் சொன்னார்: "அவ கேப்டன் ஆகட்டும், அவ முன்னாடியே என் மீசையை எடுத்துடறேன்!" அதைக் கேட்ட மருமகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தையல்காரம்மா மறுநாளே போய்த் தங்கப் பட்டை வாங்கிவந்தாள். கோட்டு பிறந்த கதை அதுதான்.

தேர்வு அலுவலகத்துக்கு மூன்று மாடி. லிஃப்ட் கதவில் 'இயங்கவில்லை' என்று அட்டை தொங்கியது. 

"ஏண்டா, இது உங்க கம்பெனி லிஃப்ட்டா?"

"எங்களுது இல்லம்மா. அதான் ஓடல."

முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினாள். மூன்றாம் மாடி வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு. அதில் வெள்ளைச் சட்டையில் ஒரு ஆள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். மூடிய கதவுக்கு முன்னால் ஸ்டூலில் பியூன்.

"கோட்டு மாத்தணும். என் மருமக உள்ள இருக்கா."

"பத்து நிமிஷம் ஆச்சும்மா உள்ள போயி. இனிமே யாரும் போகக் கூடாது."

"ஐயா, தப்பான கோட்டுய்யா அது!"

"சரியான கோட்டா இருந்தாலும் போகக் கூடாது. சத்தம் போடாதீங்க."

சத்தம் போடாதே என்று சொன்னால் தையல்காரம்மாவுக்குக் குரல் தானாக ஏறும். ஏறியது. இரண்டாவது நிமிஷம் கதவு திறந்தது.

மூக்கு நுனியில் கண்ணாடியும் நரைத்த தாடியுமாக ஒருவர் நின்றார். போன முறை "போயிட்டு வாம்மா" என்று அனுப்பிய அதே தேர்வாளர்தான். மருமகள் அடையாளம் சொல்லி அழுதிருக்கிறாளே!

"யாரு இங்க கப்பல் சங்கு ஊதறது?"

"நான்தான் சார். அந்தக் கோட்டு அவளுது இல்ல சார். அதாவது, அவளுதுதான். ஆனா இன்னிக்கு இல்ல!"

"உள்ள வாங்க."

உள்ளே பெரிய மேஜை. அதன் மேல் கைக்கடக்கமான மரக்கப்பல்கள். மேஜைக்கு இந்தப் பக்கம், விறைப்பாக உட்கார்ந்திருந்தாள் மருமகள். முகம் வெளுத்திருந்தது. கைமுனைகளில் நான்கு பட்டைகளும் பளபளத்தன. அந்த நடுக்கத்திலும் தையல்காரம்மாவுக்கு ஒன்று கண்ணில் பட்டது. தோள்பட்டை அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"சொல்லுங்க" என்றார் தேர்வாளர்.

"தைச்சது நான் சார். வேண்டாம்னு அவ சொல்லியும் தைச்சேன். கொக்கி மாத்தி மாட்டினதும் நான்தான். தண்டிக்கணும்னா என்னைத் தண்டிங்க. அவ மேல துளிக்கூடத் தப்பு இல்ல."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, பத்து நிமிஷம் முன்னாடி இவங்ககிட்ட நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? நாலாவது பட்டை யார் குடுத்ததுன்னு கேட்டேன். கிளம்பறதுக்கு முன்னாடி உறையைத் திறந்து பார்க்காதது நான், தப்பு என்னுதுன்னாங்க. மாட்டி வெச்சது யாருன்னு கேட்டேன். யாரா இருந்தாலும் பார்த்துட்டுக் கிளம்ப வேண்டியது நான்தான் சார்னாங்க. எப்படிக் கேட்டும் உங்க பேரு வெளிய வரல."

தையல்காரம்மா மருமகளைப் பார்த்தாள். மருமகள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரம்மாவுக்கு, இப்படி ஒருத்தி தனக்கு மருமகளாக வந்ததற்கு என்ன புண்ணியம் செய்தோமோ என்று தோன்றியது.

"தப்பை அடுத்தவன் தலையில கட்டறவங்களைத்தான் இந்த ரூம்ல பார்த்திருக்கேன்" என்றார் அவர். "ஒரே தப்புக்கு ரெண்டு பேர் சண்டை போடறதை இன்னிக்குத்தான் பார்க்கறேன். இப்ப நான் யாரை ஃபெயில் பண்றது?"

"என்னைப் பண்ணுங்க சார்" என்றாள் தையல்காரம்மா உடனே.

அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "முதல்ல கோட்டை மாத்துங்க. நாலு பட்டையைப் பார்த்தா எனக்கே எழுந்து நிக்கணும்போல இருக்கு. எப்படிக் கேள்வி கேட்கறது?"

மருமகள் எழுந்து கோட்டைக் கழற்றிக் கொடுத்து, பழையதைப் போட்டுக்கொண்டாள். பொத்தான் போடும்போது காதோரம் குனிந்து, "உங்களை அப்புறம் வெச்சுக்கறேன் அத்தை" என்றாள். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

அத்தோடு வெளியே வந்திருக்கலாம். தையல்காரம்மாவின் கண் மேஜை மேல் போனது.

"என்ன பார்க்கறீங்க?" என்றார் தேர்வாளர்.

"ஒண்ணுமில்ல சார். அந்த நீலக் கப்பல்தான் வழி விடணும். அதோட வலப்பக்கம்தானே மஞ்சக் கப்பல் குறுக்க வருது."

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதை உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"நூல்கண்டு சார்."

உண்மைதான். மூன்று மாதமாகக் கடை மூடியபின் வெட்டு மேஜைதான் கடல். நூல்கண்டுகள் கப்பல்கள், ஊசிக்குப்பி மீன்பிடிப் படகு, விரித்த அளவுநாடா துறைமுகக் கால்வாய். புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவள் தையல்காரம்மா. கேட்டுக் கேட்டு அவளுக்கே பாடமாகிவிட்டது.

"போச்சு!" தேர்வாளர் கப்பல்களை அள்ளி ஓரம் தள்ளினார். "நல்ல கேள்வி ஒண்ணு வீணாப் போச்சு. இனிமே கஷ்டமாத்தான் கேட்கணும். நீங்க வெளிய இருங்கம்மா."

கதவு மூடியது. தையல்காரம்மா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றான் மகன்.

"கோட்டைக் காப்பாத்தப் போயி கேள்வியைக் கஷ்டமாக்கிட்டேன்டா. என் வாய் இருக்கே, அதைத் தைக்க ஒரு ஊசி இல்ல!"

ஒரு மணி நேரம் போனது. பக்கத்தில் வியர்த்த ஆளின் சட்டைப் பொத்தான் ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. கைப்பையிலிருந்து நூல் கோத்த ஊசியை எடுத்தாள்.

"அசையாதீங்க. எத்தனையாவது தடவை?"

"நாலாவதும்மா."

"தைரியமா பேசுங்க. தப்பை மட்டும் பைலட் மேல போடாதீங்க."

அவர் அதை மனப்பாடம் செய்வதுபோல் உதட்டை அசைத்தார். மகன் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தான். பியூன் அவனை இரண்டு முறை உட்காரச் சொல்லிவிட்டு, மூன்றாவது முறை தானும் எழுந்து கதவருகே காதை வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கினான். 

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

மருமகள் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கையில் ஒரு சின்னச் சீட்டு. சீட்டைத் தையல்காரம்மாவிடம் நீட்டினாள். படிக்கிற கண்ணாடி கடையில் இருக்கிறது! அவள் அதை மகனிடம் நீட்டினாள்.

மகன் படித்தான். மறுபடியும் படித்தான்.

"அம்மா... தேர்ச்சி."

அடுத்து அந்த வராந்தாவில் எழுந்த சத்தத்தை எழுத்தில் கொண்டுவர நமக்குத் திறமை போதாது. தையல்காரம்மா மருமகளைக் கட்டிக்கொண்டாள். மகன் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். பொத்தான் தைத்துக்கொண்ட ஆள் கை தட்டினார். "சத்தம் போடாதீங்க" என்று கத்திய பியூன்தான் எல்லாரையும்விட அதிகச் சத்தம் போட்டான்.

"என்னடி கேட்டாரு?"

"அதே கேள்வி அத்தை! மூடுபனி, பைலட், வேகம். கடைசியா அதைத்தான் கேட்டாரு. பைலட் இருந்தாலும் பொறுப்பு என்னுது சார், வேகத்தை நானே குறைப்பேன்னு சொன்னேன்." மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சத்தியமா யோசிச்சுச் சொல்லல. காலையில கோட்டுக்குச் சொன்ன பதில்தான் வாயில இருந்துது. அதுவே வந்துடுச்சு."

"அப்ப நான் பண்ணினது நல்லதுதானே?"

"அப்படி நான் சொல்லவே இல்ல!"

தேர்வாளர் கதவோரம் வந்து நின்றார். "சான்றிதழ் கைக்கு வர பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் அந்தக் கோட்டு உறைக்குள்ள இருக்கட்டும். அப்புறம், டெய்லரம்மா, என்னோட கோட்டு ஒண்ணு தோள்ல இழுக்குது. கொண்டு வரலாமா?"

"கொண்டு வாங்க சார். வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்குள்ள முடிச்சுத் தர்றேன்!"

கடைக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை. மருமகள் அப்போதுதான் போனைத் திறந்து கம்பெனிக்கு விஷயத்தைச் சொன்னாள். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. அதைப் படித்தவள் அப்படியே வெட்டு மேஜை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, கண்ணாடி போட்டுக்கோங்க. இதைப் படிங்க."

மூன்று வாரத்தில் கப்பலேற வேண்டும், இப்போதிருக்கும் கேப்டன் ஓய்வு பெறுகிறார் என்று இருந்தது. அதற்குக் கீழே கப்பலின் பெயர். தையல்காரம்மா மூன்று முறை படித்தாள். பதினோரு வருஷமாகப் பார்சல்களின் மேல் அவள் தன் கையால் எழுதிவரும் பெயர் அது.

"அடி ஆத்தி! அவரோட கப்பல்!"

"மாமாவுக்கு நான் கேப்டன்" என்றாள் மருமகள் மெல்ல. பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பதா பயப்படுவதா என்று அவளுக்கே விளங்கவில்லை. மகன் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சரியாக அப்போது தையல்காரம்மாவின் போன் அடித்தது. மீசைக்காரர்தான். கப்பலில் சாப்பாட்டு நேரத்தில் தினமும் கூப்பிடுகிறவர்.

"கப்பலைப் பத்தி மூச்சு விடாதீங்க அத்தை" என்று மருமகள் சைகை காட்டினாள்.

"என்னாச்சு உன் மருமகளுக்கு?" என்றது அதட்டல் குரல். 

"பாஸ்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அழறீங்களா?"

"சே! இங்க காத்து ஜாஸ்தி." மறுபடியும் உறிஞ்சினார். "நான் தைரியமா சொன்னேன்ல, அவ ஜெயிப்பான்னு!"

"நீங்க சொன்னது மீசையைப் பத்தி."

"அது... சொன்னா சொன்னதுதான். அவ முன்னாடிதான் எடுப்பேன்னு சொன்னேன். நான் ஊருக்கு வர இன்னும் ஏழு மாசம் இருக்கு. அதுவரைக்கும் மீசையைப் பத்திப் பேசப்படாது." குரலில் ஏகப்பட்ட நிம்மதி. "சரி, வேலை கிடக்கு. எங்களுக்குப் புது கேப்டன் வர்றாராம். எந்தச் சிடுமூஞ்சியோ தெரியல. நான்தான் ஏணி போட்டு வரவேற்கணும்."

"நல்லா வரவேற்புக் குடுங்க" என்றாள் தையல்காரம்மா. குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டது பெரிய காரியம். "உங்க சத்தியமும் அப்படியே இருக்கட்டும். அவ முன்னாடியே எடுங்க."

போனை வைத்தாள். இழுப்பறையைத் திறந்து, சின்னக் கத்தரிக்கோல் ஒன்றைத் தேடி எடுத்து, விளிம்பில் விரலை வைத்துக் கூர் பார்த்தாள். நான்கு பட்டைக் கோட்டின் உள்பையில் அதைப் பத்திரமாகப் போட்டு, உறையை மூடி, கொக்கியில் மாட்டினாள்.

"அத்தை, அது இடது கொக்கி" என்றாள் மருமகள். "பாக்கி வேலைக்குள்ளது."

"தெரிஞ்சுதான் மாட்டறேன்" என்றாள் தையல்காரம்மா. "மீசை பாக்கி இருக்கே."